‘100% இலவம்பஞ்சு’ கிங் சைஸ் தலையணை: உறைக்குள் கை விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

ஆன்லைனில் ‘100% இயற்கை இலவம்பஞ்சு’ என்று போட்டுப் பெரிய தலையணை விற்கிறார்கள். வாங்க உத்தேசம் இருந்தால் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். விற்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. எனக்கு விற்றவர் ஏமாற்றினார். எப்படிச் செய்தார் என்று தெரிந்தால் அடுத்தவராவது தப்பிக்கலாம்.

அப்பாவுக்காக வாங்கியது. ஃபைபர் தலையணையில் படுத்தால் பிடரியெல்லாம் வியர்த்துத் தூக்கம் கலைகிறது என்பார். ஊரில் இருந்தவரை அவருக்கு இலவம்பஞ்சுதான். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கிறவர், அதனால் பெரிதாகவே இருக்கட்டும் என்று 20க்கு 36 அங்குல அளவைத் தேர்ந்தெடுத்தோம். பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் கடை போட்டிருக்கும் விற்பனையாளர். விலை 1,899 ரூபாய். ‘2 கிலோ பஞ்சு’, ‘ரசாயனம் கிடையாது’, ‘போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு’ என்று வரிசையாக எழுதியிருந்தது. தேனி மாவட்டத்தில் போடிப் பக்கம் இலவம்பஞ்சு வியாபாரம் காலங்காலமாக நடப்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பெயரைக் கண்டால் யாருக்கும் நம்பிக்கை வரும். அதற்காகவே போடுகிறார்கள்.

கூடவே ஒரு வீடியோ. கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு பிடி பஞ்சைப் போடுகிறார்கள். மிதக்கிறது. ‘ஒரிஜினல் இலவம்பஞ்சு முங்காது’ என்று ஒரு குரல். இந்த வீடியோ விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

தலையணை வந்ததும் எடை போட்டேன். உறையோடு சேர்த்து 2 கிலோவுக்குச் சற்று மேலேயே இருந்தது. மூலையைப் பிடித்து அழுத்தினால் வழுவழுவென்று அமுங்கியது. தையலோரத்தில் ஒரு கறுப்பு விதைகூட விரலில் தட்டுப்பட்டது. அப்பாவும் திருப்தியாகத்தான் படுத்தார். ஆனால் சில நாளிலேயே நடுவில் பள்ளம் விழுந்தது. இலவம்பஞ்சு அமுங்குவது புதிதல்ல. வெயிலில் போட்டு நாலு தட்டுத் தட்டினால் மறுபடி எழும்பிக்கொள்ளும். இதையும் மொட்டை மாடியில் காயப்போட்டேன். எழும்பவில்லை. நடுப்பகுதி மட்டும் கட்டி கட்டியாக உருண்டு கழுத்துக்கடியில் கல் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பகுதியில் மெத்தை தைக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஒரு தடவை மடக்கிப் பார்த்தவர், “பிரிச்சிரட்டுமா சார்?” என்றார். பிரிப்பதற்கு முன்பும் பின்பும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

உறையை ஒட்டிய சுற்றில் நிஜமான இலவம்பஞ்சு இருந்தது. வெளிர் மஞ்சள் நிறம், பட்டு மாதிரிப் பளபளப்பு. அதற்குள்ளே கை விட்டு இழுத்தார். வெள்ளை வெளேரென்று ஃபைபர், நீளநீளமாக வந்தது. அதற்கும் நடுவில் ஒரு உருண்டை: பனியன் துணிக் கழிவை அரைத்துப் பிசிறாக்கியது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக நூல் தெரிந்தது.

“எடைக்குப் பனியன் வேஸ்ட், உப்பலுக்கு ஃபைபர். நீங்க கிள்ளிப் பாக்குற எடத்துல மட்டும் இலவம். வெதையக்கூட எடுக்காம விட்டுருக்கான் பாருங்க சார், அதப் பாத்தாத்தானே நம்புவீங்க” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது.

எடை சரியாக இருந்ததன் ரகசியம் இதுதான். இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த மெல்லிய குழாய். இழையின் கனபரிமாணத்தில் பெரும்பங்கு காற்றுதான். அதனால் 2 கிலோ இலவம்பஞ்சு என்பது பார்க்கவே மலைப்பாக இருக்கும். அந்த அளவுத் தலையணைக்குள் திணித்தால் திண்டு போல விம்மி நிற்கும். என்னுடையது எடையில் 2 கிலோ, பருமனில் அதில் பாதிகூட இல்லை. தராசு மட்டும் போதாது. எடையையும் உப்பலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த வீடியோ. இலவம்பஞ்சு மிதக்கும் என்பது உண்மை. இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, உள்ளே காற்று. செயற்கை நுரை வருவதற்கு முன்னால் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் ஃபைபரைப் போட்டாலும் அதுவும் முதலில் மிதக்கத்தான் செய்யும், இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்றால். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கசக்கி அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் வித்தியாசம் தெரியும். வீடியோவில் யாரும் கசக்கிக் காட்டவில்லை. அவர்கள் காட்டிய பஞ்சு தலையணைக்குள் இருந்த பஞ்சுதான் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை.

பாய் காட்டிக்கொடுத்த சோதனை இதைவிட எளிது. ஒரு சிட்டிகை எடுத்து விளக்குக்குத் திரி திரிப்பது போல விரலால் திரித்துப் பாருங்கள். பருத்தி என்றால் திரியாகும். இலவம் ஆகாது. இழை குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் பிரிந்து பிரிந்து போகும். நூற்பாலைக்காரர்கள் அதைச் சீண்டாததற்கும், அது தலையணை மெத்தையோடு நின்றுபோனதற்கும் காரணம் இதுவே. ஃபைபரை இழுத்தால் அறுபடாமல் நீளும், விட்டால் சுருண்டு எழும்பும். இன்னும் சந்தேகமா? சிட்டிகைப் பஞ்சைக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். இலவமும் பருத்தியும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். ஃபைபர் சுருங்கி உருகும், பிளாஸ்டிக் நாற்றம் வரும், கடைசியில் கறுத்த மணி போல இறுகிவிடும். இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். வெட்டவெளியில், தலையணையைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். எந்தச் சோதனைக்கும் பஞ்சை மூலையிலிருந்து எடுக்காதீர்கள். நடுவிலிருந்து எடுங்கள்.

இனிமேல்தான் நிஜமான கூத்து. விற்பனையாளருக்குப் படங்களை அனுப்பினேன். ‘தலையணை சுகாதாரம் சம்பந்தப்பட்ட பொருள், பயன்படுத்தியதைத் திரும்ப எடுக்க முடியாது’ என்று முதல் பதில். ‘தையலைப் பிரித்துவிட்டீர்கள், ஆகவே பொறுப்பேற்க முடியாது’ என்று இரண்டாவது. பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவதாகச் சொன்னதுதான் உச்சம்: ‘100% காட்டன் என்று பெட்டியில் போட்டிருப்பது உறையைக் குறிக்கும்.’ எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான் அச்சடித்திருந்தது. உறை 100% காட்டன். உள்ளே என்ன என்பதற்கு ‘நேச்சுரல் சாஃப்ட் ஃபில்லிங்’ என்று மட்டும். இலவம் என்ற சொல் தளத்து விளம்பரத்தில் உண்டு, பெட்டியில் கிடையாது. தயாரித்தவர் முகவரியும் இல்லை. பொட்டலப் பொருள் எதுவானாலும் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு இவையெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 எடையளவுச் சட்ட விதிகள் சொல்கின்றன.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் பாதித் தொகைக்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். மறுபடி அங்கேயே போய் வாங்கவா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பிரித்த படங்கள், சாட் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்தேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. 2020 மின்வணிக விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். இதை எழுதி அனுப்பிய பிறகு தளத்தின் பேச்சே மாறியது. முழுப் பணமும் கணக்குக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

உறையில் ஜிப் வைத்த தலையணையாகப் பார்த்து வாங்குங்கள். தையல் போட்டு மூடியது வேண்டாம். ஜிப் இருந்தால் ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் எதையும் பிரிக்காமல் உள்ளே கை விட்டுப் பார்த்துவிடலாம். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு வாசகத்தை மாற்றிவிடுகிறார்கள்.

பக்கத்துக் கடையில் தைத்தால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பழைய தலையணைப் பஞ்சை மறுபடி அடித்துக் கலந்துவிடுவார்கள். நைந்துபோன இழை தூளாகப் பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. எங்கள் பாய் பஞ்சு மூட்டையை முன்னால் வைத்து அவிழ்த்து, “நீங்களே கையால அள்ளிப் பாருங்க சார்” என்று சொல்லித்தான் தைத்துத் தந்தார். துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இழை வெளியே கசியும். அளவைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். 20க்கு 36 இலவத்தில் நிரப்பினால் கனமும் உயரமும் அதிகம், வயதானவர்கள் அதைத் தூக்கி உதறி வெயிலில் போட முடியாது. அந்த அளவுக்கு உறையும் லேசில் கிடைக்காது. அப்பாவுக்கு 18க்கு 28 போட்டார், பஞ்சையும் கொஞ்சம் குறைத்து. அப்பா இப்போது அதில்தான் தூங்குகிறார்.

அந்த விற்பனையாளர் அதே தளத்தில் இப்போது வேறு கடைப் பெயரில் இருக்கிறார், விலை 200 ரூபாய் கூடுதல். பெயரைச் சொன்னால் நாளைக்கே இன்னொன்று வைத்துக்கொள்வார், ஆகவே படத்தைச் சொல்கிறேன். மரப் பலகை மேல் இரண்டு வெள்ளைத் தலையணைகள். பக்கத்தில் வெடித்த இலவங்காய் ஒன்று, அதைச் சுற்றிப் பச்சைப் பசேலென்ற இலைக்கொத்து. காய் வெடிக்கிற கோடையில் இலவமரம் பெரும்பாலும் இலையுதிர்த்து மொட்டையாகத்தான் நிற்கும்.