லேப் டைம்: ஸ்டாப்வாட்ச், பீம், டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ் – எதை எவ்வளவு நம்பலாம்?

தமிழில் 'துல்லியம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கருவி எத்தனை தசம இடம் காட்டுகிறது என்பது ஒன்று. காட்டுவது சரியா என்பது வேறு. அமெச்சூர் ரேஸில் லேப் டைமை, அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை வைத்து வரும் சண்டைகளில் பாதி இந்தக் குழப்பம்தான்.

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். சுற்று முடியும் கோட்டைத் தாண்டும்போது வண்டி மணிக்கு 180 கிலோமீட்டரில் போனால், நொடிக்கு 50 மீட்டர். அதாவது நூறில் ஒரு நொடி என்பது அரை மீட்டர், ஆயிரத்தில் ஒன்று 5 சென்டிமீட்டர்.

ஸ்டாப்வாட்சை ரொம்பவும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். வண்டி வருவது கண்ணுக்குத் தெரிவதால் கை தயாராக இருக்கும். ஒரே ஆளே இரண்டு முறையும் அழுத்தினால் அவருடைய தாமதம் பெரும்பாலும் கழிந்துவிடும். மிஞ்சும் தடுமாற்றம் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. திரையில் தெரியும் இரண்டாவது தசம இடம் வெறும் அலங்காரம்.

பீம் என்பது கோட்டின் குறுக்கே பாயும் ஒளிக்கற்றை; வண்டி அதை மறித்ததும் நேரம் பதிவாகும். ஒவ்வொரு வண்டியாக ஓடும் ஆட்டோகிராஸுக்கு அருமை. ஆனால் ஒளியை மறித்தது யார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு வண்டிகள் ஒட்டி வந்தால் திணறும். ஒருமுறை நாய் ஒன்று நிதானமாகக் கோட்டைத் தாண்டி அன்றைய சிறந்த நேரத்தைத் தட்டிக்கொண்டு போனது.

பல வண்டிகள் சேர்ந்து ஓடும் ரேஸுக்கு டிரான்ஸ்பாண்டர்தான்: வண்டியில் மாட்டும், தன் எண்ணை அனுப்பும் சின்னக் கருவி. தாருக்குள் புதைத்த கம்பி வளையம் ஒவ்வொரு வண்டியையும் அதன் எண்ணோடு பிடித்துக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு நொடி வரை காட்டும். ஆனால் அந்தக் கடைசி இலக்கத்தை நம்ப, டிரான்ஸ்பாண்டர் எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் முன்பக்கமும் இன்னொருவர் 3 மீட்டர் பின்னாலும் மாட்டினால், அதே வேகத்தில் 0.06 நொடி போச்சு. லேப் டைமில் இது கழிந்துவிடும். கோட்டில் யார் முந்தியது என்பதில் கழியாது. 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸில் நடந்த ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் மூவரும் 1:21.072 ஓட்டினார்கள். ஃபார்முலா ஒன்னுக்கே மூன்று இலக்கம் போதவில்லை. நமக்கு முதல் இரண்டு சரியாக வந்தாலே பெரிய விஷயம்.

ஜிபிஎஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேசலாம். நொடிக்கு ஒரு முறை இடம் குறிக்கும் போனில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 50 மீட்டர். இடையில் இருப்பதை ஆப் ஊகிக்கிறது. 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 முறை குறிக்கும் கருவியில் அது 5 மீட்டர், 25 ஹெர்ட்ஸில் 2 மீட்டர். இடக் குறிப்பே ஓரிரு மீட்டர் தள்ளியிருக்கலாம். ஆனால் அந்தப் பிழை மெதுவாக நகர்வதால், அடுத்தடுத்த சுற்றுகளை ஒப்பிடும்போது பெருமளவு கழிந்துவிடும். சுற்றைக் கணக்கிடும் கோட்டை ஆப்பில் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 1 மீட்டர் பிழை, நொடிக்கு 50 மீட்டரில் 0.02 நொடி, நொடிக்கு 15 மீட்டரில் ஊரும் கொண்டை ஊசி வளைவில் கிட்டத்தட்ட 0.07. அதனால் ஆப்பில் கோட்டை வேகமான நேர்ப்பாதையில் வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? தனியாகப் பழகுகிறவருக்கு 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் தாராளம். எந்த வளைவில் நேரம் போகிறது என்றும் அது காட்டும், டிரான்ஸ்பாண்டர் காட்டாது. கோப்பைக்காக ஓடுகிறீர்கள் என்றால் வாடகை டிரான்ஸ்பாண்டர். முந்தைய இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.