எச்சரிக்கை: செல்ஃப் அடித்தும் பிடிக்காத கேம்பர் வேனுக்கு உடனே எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்

பழைய வோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள், அதிலும் எஞ்சின் வேலையை முழுக்கப் பிறர் கையில் ஒப்படைப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். என்னுடையது 1970களின் வண்டி. காற்றால் குளிரும் 1600 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர். ஒரு நாள் காலையில் செல்ஃப் நன்றாக அடித்தது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. முந்தைய நாள் மாலை வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய வண்டி அது. அந்த ஒரு தகவலே பாதி நோயைச் சொல்லிவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் கசியாமல் காக்கும் பிஸ்டன் வளையங்கள் ஒரே இரவில் தேய்ந்துபோவதில்லை. திடீரென்று நின்றுபோவது பெரும்பாலும் தீப்பொறியோ பெட்ரோலோதான்.

பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துச் சென்றேன். அவர் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறுகிறதா என்றும் பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் பிளக்குகளில் ஒரே ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் மீட்டரை (பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கருவி) திருகி, நாள் முழுக்க அடித்துச் சோர்ந்திருந்த அதே பேட்டரியில் செல்ஃபை மறுபடி அடித்தார். முள் 65 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அருகே நின்றது. “கம்ப்ரஷனே இல்லை சார், எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும்” என்றார். ஒரு எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டபின் மறுத்துப் பேசும் துணிவு எனக்கு வரவில்லை.

அந்தச் சோதனையே தவறு என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும், பேட்டரி முழு வலுவோடு இருக்க வேண்டும், ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வழித் தகடான த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்றே போகாது. இல்லாத காற்றை எந்தப் பிஸ்டனாலும் அழுத்த முடியாது. அப்படியும் அளவு குறைந்தால், அடுத்து வால்வு (சிலிண்டரின் வாயிலைத் திறந்து மூடும் பாகம்) இடைவெளியைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டர். அந்த இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசிந்துவிடும். இரண்டு மூடிகளைக் கழற்றினாலே செய்துவிடக்கூடிய வேலை அது, இறக்கத் தேவையில்லை. ஆனால் இந்த எஞ்சின் கியர்பாக்ஸோடு நான்கே போல்ட்டுகளில் இணைவது என்பதால், பழகியவர் கைக்கு அதை இறக்குவது எளிது. அந்த எளிமையே நமக்கு வினையாகிவிடுகிறது.

ஏழு வாரம் வண்டி அங்கே கிடந்தது. கேட்கும்போதெல்லாம், இந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. ஜெர்மனியில் இந்த மாடல் 1979இல் நின்றுவிட்டாலும், பிரேசிலில் காற்றால் குளிரும் எஞ்சினோடு 2005 வரை இது தயாரானது. வோக்ஸ்வாகனின் வண்டு வடிவ பீட்டில் காரிலும் இதே எஞ்சின் குடும்பம்தான். உலகில் மிக எளிதாகக் கிடைக்கும் பழைய எஞ்சின் பாகங்களில் இதன் பிஸ்டன்களும் சேரும். இது தெரிந்திருந்தால் அப்போதே கேள்வி கேட்டிருப்பேன். முடிவில் புதிய பிஸ்டன்கள், சிலிண்டர்கள், காயில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தருவது), கார்புரேட்டர் என்று ஒரு நீண்ட பில் வந்தது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டி இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை மறுபடி அதே கதை: செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இம்முறை நானே ஒரு சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கின் ஒரு முனையை எர்த்தில் (வண்டியின் உலோக உடலில்) மாட்டி, மறுமுனையைக் காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வரும் 15ஆம் முனையில் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் எரிந்தது, ஆகவே மின்சாரம் காயில் வரை வருகிறது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டரோடு (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் பாகம்) இணையும் 1ஆம் முனையில் வைத்து, செல்ஃபை அடிக்கச் சொன்னேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு சுவிட்சான பாயிண்ட் திறக்கும்போது எரிந்தும் மூடும்போது அணைந்தும் அது கண்சிமிட்ட வேண்டும். சிமிட்டவே இல்லை, இருண்டே கிடந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து அந்த முனைக்கு வரும் ஒயரைக் கழற்றினேன், விளக்கு உடனே எரிந்தது. காயில் நலமாக இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏதோ ஒன்று நிரந்தரமாக எர்த் ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அதன் மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டரையும் எடுத்துப் பார்த்தால், பாயிண்டுக்குப் போகும் சின்ன ஒயரின் உறை தேய்ந்து, உள்ளிருந்த செம்பு டிஸ்ட்ரிபியூட்டரின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு எனக்கு ஆன நேரம் பத்து நிமிடம். நான் மெக்கானிக் அல்ல.

இடையில் இரண்டு நாள் ஏன் ஓடியது என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. எஞ்சின் வேலையின்போது டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியதில் ஒயர் சற்று நகர்ந்திருக்கும். தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் உள்தட்டைத் திருப்பத் திருப்ப அது பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. உறை மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்ததும் எஞ்சின் பிடித்தது.

இதோடு நின்றிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். கம்ப்ரஷனை முறைப்படி நானே அளந்தேன்: நான்கு சிலிண்டரிலும் 110 பிஎஸ்ஐயை ஒட்டியே இருந்தது, நல்ல அளவு. புது பிஸ்டன்களின் பலன் என்று நினைத்துப் பிளக் ஓட்டை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தேன். நான்கு பிஸ்டன்களின் தலையிலும் தடித்த கரி படிந்திருந்தது. இரண்டு நாள் ஓட்டத்தில் அவ்வளவு கரி சேராது. வெளியே சிலிண்டரின் துடுப்புகளுக்கு இடையில் பல வருட எண்ணெய் அழுக்கு அப்படியே இருந்தது. பில்லில் இருந்த பிஸ்டன்களும் சிலிண்டர்களும் என் வண்டிக்குள் வரவே இல்லை. நான் அளந்த 110 பழைய பிஸ்டன்களின் அளவு.

பணத்தைவிட என்னைக் கலங்க வைத்தது இன்னொன்று. எஞ்சினைத் திரும்ப மாட்டியபோது அதைச் சுற்றியிருந்த தகரத் தட்டுகளில் இரண்டையும், எஞ்சின் அறை விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையையும் அவர் மாட்டவில்லை. பார்ப்பதற்கு அவை வெறும் மூடிகள் போலிருக்கும். ஆனால் இந்த எஞ்சினில் தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது. விசிறி மேலிருந்து உறிஞ்சும் குளிர்ந்த காற்றையும், கீழே வெளியேறும் சூடான காற்றையும் பிரித்து வைப்பவை அந்தத் தட்டுகளே. அவை இல்லையென்றால் எஞ்சின் தன் சூட்டையே மறுபடி மறுபடி சுவாசிக்கும். பெரும்பாலான வண்டிகளில் வெப்பமானியும் இல்லை என்பதால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. வால்வு உடைந்து பிஸ்டனில் விழும் சத்தம்தான் முதல் அறிவிப்பாக இருக்கும். பெட்ரோல் ஹோஸ் ஒன்றும் கிளிப் இல்லாமல் வெறுமனே செருகப்பட்டிருந்தது. சூடான எஞ்சினுக்கு மேல் அது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

படங்களோடு அவரிடம் போனேன். ஒயர் பிறகு தேய்ந்திருக்கலாம் என்றார். கரியைப் பற்றிக் கேட்டதற்கு, பெட்ரோல் சரியில்லை என்றார். தட்டுகளைத் தேடித் தருவதாகச் சொல்லி ஒன்றை மட்டும் கொடுத்தார். வலப்பக்கத் தட்டு இன்னும் வரவில்லை. எஞ்சின் இப்போது முதல் அடியிலேயே பிடிக்கிறது, ஆனால் அந்தத் தட்டு கிடைக்கும்வரை வண்டியை வாசலைத் தாண்டி எடுப்பதாக இல்லை.