மலை ஏரியில் கயாக் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: டெபாசிட் கட்டும் முன் படகைத் திருப்பிப் பாருங்கள்

சீசன் முடிகிற வாரம், ஒரு மலை ஏரி. வாடகைக்கு எடுத்த கயாக் (இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு) அரை மணி நேரத்திலேயே பின்பக்கம் தாழ்ந்து, ஒருக்களித்துச் சாய ஆரம்பித்தது. கரைக்கு இழுத்து வந்து டிரெயின் பிளக்கை, அதாவது உள்ளே புகுந்த நீரை வடிக்கும் திருகு மூடியை, கழற்றினால் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. படகுக்காரரோ அடியில் இருந்த கீறலைக் காட்டி, "பாறையில இடிச்சிட்டீங்க" என்று டெபாசிட்டை முழுதாகப் பிடித்துக்கொண்டார். கீறல் பழையது. காட்டுவதற்கு ஒரு போட்டோ இல்லை.

மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்கின் உள்பகுதி வெறும் காற்றுதான். மேலோட்டமான கீறல் வழியாக அதற்குள் தண்ணீர் போகாது. பெரும்பாலும் போகிற இடங்கள் மூன்று. ஒன்று, டிரெயின் பிளக்கின் ரப்பர் வாஷர்: வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது வாஷரே இருக்காது. இரண்டாவது, தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளின் விளிம்பு. படகை ஏற்றித் தள்ளும் வண்டியின் கம்பி அந்தத் துளைக்குள் நுழைந்து உரசுவதால் அங்கேதான் விரிசல் விடும். மூன்றாவது, சரளையில் தரதரவென இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்முனை. உள்ளே 20 லிட்டர் புகுந்தால் 20 கிலோ. அந்த எடை ஓரிடத்தில் நிற்காது. படகு லேசாகச் சாய்ந்தாலும் சாய்ந்த பக்கத்துக்கே மொத்தமும் ஓடும், படகு கவிழ்வது அதனால்தான்.

எனவே ஏறும் முன் ஒரு முனையைத் தூக்கி ஆட்டுங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அந்தப் படகே வேண்டாம். பிளக்கைக் கழற்றி வாஷரை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். பிறகு கவிழ்த்துப் போட்டு, முன்முனையிலிருந்து பின்முனை வரை அடிப்பக்கத்தை ஒரே வீடியோவாக எடுங்கள், படகுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே. பழைய கீறல்களை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாங்க, நம்ம ஆளுங்கதான்" என்று மழுப்பினால் கிளம்பிவிடுவது நல்லது.

லைஃப் ஜாக்கெட்டில் ஏமாந்தால் உயிருக்கே ஆபத்து. லேபிளில் எடை வரம்பும், மிதக்க வைக்கும் விசையைச் சொல்லும் நியூட்டன் எண்ணும் இருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி மட்டுமே, மயங்கியவரை முகம் மேலே வரும்படி திருப்பாது. நீச்சல் தெரியாதவருக்குக் குறைந்தது 100 வேண்டும். எல்லா பக்கிளையும் மாட்டியபின் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் முகவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சைக் கிள்ளி விட்டதும் பழைய தடிமனுக்கு வராவிட்டால் அது மிதக்க வைக்கும் என்று நம்ப முடியாது.

வெயில் அடிக்கிறதே என்று தண்ணீரை எடைபோடாதீர்கள். பனி உருகி வரும் ஏரி கோடையிலும் சில்லென்றே இருக்கும். 10 டிகிரிக்குக் கீழான நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு திணறும், கை கால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம்தான். மலைச்சரிவு சூடேறிய பிறகு, பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று கிளம்பும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிற்பகல் நேரத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். காலை நேரத்தையே கேளுங்கள்.

திருப்பித் தரும்போதும் ஆள் இல்லாத கரையில் விட்டுவிட்டு வரக்கூடாது. அவர் கண்ணெதிரே கவிழ்த்துக் காட்டி, "சேதம் இல்லை" என்று ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட்டைப் பிடித்தால் எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்தத் தாளையும் வீடியோவையும் வைத்து வங்கியில் உடனே ஆட்சேபம் பதியலாம். ரொக்கத்துக்கு இந்த வழி கிடையாது.