பவர் ஸ்டீயரிங் பிரஷர் கேஜ்: மூன்று வருடம் கழித்து

பவர் ஸ்டீயரிங் ஆயிலின் அழுத்தத்தை அளக்கும் இந்த கேஜை வாங்கியதே ஒரு வயிற்றெரிச்சலில்தான். என் பிக்கப்பில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றி ஓட்டுகிறேன். காலையில் ஸ்டீயரிங் பூப்போலத் திரும்பும். இரண்டு மணி நேரம் ஓடி ஆயில் சூடானதும், சந்தைக்குள் ரிவர்ஸ் எடுக்க இரண்டு கையும் போதாது. பட்டறையில் "பம்ப் போயிடுச்சுண்ணே" என்றார்கள். புது பம்ப் போட்டோம். மறு வாரமே பழைய கதை.

அப்புறம்தான் கேஜ் செட் வாங்கினேன். 140 பார் (அழுத்தத்தின் அளவு) வரை காட்டும் மீட்டர், அடைப்பதற்கு ஒரு வால்வு, இரண்டு ஹோஸ், ஏழெட்டு அடாப்டர். பம்பிலிருந்து, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகும் பிரஷர் லைனைக் கழற்றி நடுவில் மாட்ட வேண்டும். மீட்டர் பம்ப் பக்கம், வால்வு பாக்ஸ் பக்கம். முதல் நாள் நான் மாற்றி மாட்டிவிட்டு, வால்வை அடைத்ததும் முள் படுத்துக்கொண்டதைப் பார்த்து, புது பம்பும் போச்சு என்று தலையில் கை வைத்தேன்.

பெல்ட், ஆயில் மட்டம், முன் டயர் காற்று மூன்றையும் பார்க்காமல் கேஜைத் தொடாதீர்கள். மாட்டியபின் முன்பக்கம் ஜாக்கி போட்டு, இன்ஜினை ஆன் செய்யாமலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்து, ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஆயிலில் நுரை இருந்தால் முள் சொல்வதை நம்ப முடியாது. ஆயிலும் சூடாக இருக்க வேண்டும். என் வண்டியின் கோளாறு சூட்டில்தானே வெளியே வந்தது.

ஐட்லிங்கில், சக்கரம் நேராக இருக்கும்போது 6 பார். வால்வை அடைத்தால் 85. மேனுவல் அளவுக்குள்தான், அப்படியென்றால் பம்பில் கோளாறு இல்லை. வால்வைத் திறந்து, ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்துப் பிடித்தபோது முள் 50-ஐத் தாண்டவில்லை. பம்ப் கொடுப்பதெல்லாம் பாக்ஸுக்குள்ளேயே கசிந்து ரிட்டர்ன் லைனில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாக்ஸைப் பிரித்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் டெஃப்லான் ரிங் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது. சீல் கிட்டோடு வேலை முடிந்தது. கழற்றிப் போட்ட பழைய பம்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைமெனக்கெட்டு மாட்டிப் பார்த்தேன். வால்வை அடைத்தால் 83! அதுவும் நல்ல பம்ப்தான்.

வால்வை அடைத்தால் ஐந்து நொடிக்குள் திறந்துவிட வேண்டும். உதவிக்கு வந்த தம்பி ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தான். பம்ப் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

நண்பரின் வேனில் சக்கரம் நேராக இருக்கும்போதே 20 பார் காட்டியது. ரிட்டர்ன் ஹோஸின் உள்பக்க ரப்பர் உரிந்து வழியை அடைத்திருந்தது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரி இருந்தது.

குறைகளும் உண்டு. கூட வந்த மீட்டரில் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வருடத்தில் கிளிசரின் நிரப்பிய மீட்டராக மாற்றினேன். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) இரண்டு தடவை மாற்றியாயிற்று. செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசு வேண்டும், பழசைப் போட்டால் ஆயில் கசியும். என் வண்டிக்கு 16 எம்.எம். அடாப்டர் சரியாக உட்கார்ந்தது. வேனுக்கு எதுவும் சேரவில்லை, லேத்தில் கடைந்து வாங்கினோம். பெட்டியின் பிளாஸ்டிக் கொக்கி ஆறே மாதத்தில் உடைந்தது. இப்போது டியூப் ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.