பழைய வேகன்-ஆருக்குக் கிளட்ச் மாற்றினேன்: கண்டுபிடித்த விதம், ஆன செலவு, அதற்குப் பிறகு

எங்கள் வீட்டில் ஓடுவது 2010 மாடல் வேகன்-ஆர், கே10 பெட்ரோல் எஞ்சின். சேலத்தில் புதிதாக வாங்கியது, இன்னும் எங்களிடமே இருக்கிறது. 2023-இல், தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, முதல்முறையாகக் கிளட்ச் செட் மாற்றினேன். மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். பழைய கார் வைத்திருப்பவரிடம் மெக்கானிக் "கிளட்ச் போயிடுச்சு சார்" என்று சொன்னால் வயிற்றைக் கலக்கும். அதே பேச்சு இருநூறு ரூபாய் வேலையாகவும் இருக்கலாம், பன்னிரண்டாயிரம் ரூபாய் வேலையாகவும் இருக்கலாம். எது என்று உறுதியாகத் தெரியும்வரை கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள். நான் இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான்.

ஏற்காடு ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு முடிந்து கொஞ்சம் நேர் சாலை கிடைக்கும் இடத்தில் மூன்றாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், எஞ்சின் சத்தம் மட்டும் மேலே போகும், வண்டி பழைய வேகத்திலேயே நகரும். என் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே இறங்கி ஊருக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. ஆள் நிறைய ஏறி, ஏசி போட்டு, மேடு ஏறும்போது மட்டும் வரும்.

"பிக்-அப் இல்லை" என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏர் ஃபில்டர் பாரு, பிளக் மாத்து, பெட்ரோல் பங்கை மாத்து என்று. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சினில் குறை என்றால் மிதித்தாலும் எஞ்சின் சத்தம் வேகமாக ஏறாது, வண்டியும் ஏறாது, இரண்டும் சேர்ந்தே சோம்பும். கிளட்ச் நழுவினால் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றும், அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இது ஒன்று புரிந்தாலே தேவையில்லாமல் பிளக்கும் ஃபில்டரும் வாங்க மாட்டோம்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்தான் ஃபிளைவீல். அதற்கும், ஸ்பிரிங்கால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் இருக்கும் லைனிங் தேயத் தேயப் பிடி தளரும். சுமை குறைவாக இருக்கும்வரை மிச்சமிருக்கும் பிடியே போதும். பெரிய கியரில், ஏற்றத்தில், முழுதாக மிதிக்கும்போதுதான் எஞ்சினின் முறுக்கு விசை அந்தப் பிடியை மிஞ்சிவிடும், பிளேட் வழுக்கும். வழுக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் அந்தக் கருகல் நாற்றம் வரும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது.

அடுத்தது பெடல். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் பெடலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். லைனிங் தேயும்போது உள்ளே டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் (பிரஷர் பிளேட்டை அழுத்தும் தட்டு ஸ்பிரிங்) விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கம் தள்ளி வரும். பெடலை மிதிக்கும்போது அந்த விரல்களை அழுத்திக் கிளட்ச்சைப் பிரிப்பதுதான் ரிலீஸ் பேரிங். அதனால் பெடலின் ஃப்ரீ ப்ளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், குறைந்துகொண்டே போகும். என் வண்டியைப் போன்றவற்றில் அது 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். கையால் பெடலை மெதுவாக அழுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் போதும், யார் வேண்டுமானாலும் அளக்கலாம். ஃப்ரீ ப்ளே சுத்தமாக இல்லை என்றால், காலை எடுத்த பிறகும் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது நல்ல பிளேட்கூட நழுவும். எனவே முதலில் செய்ய வேண்டியது கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் இருக்கும் நட்டைத் திருகுவதுதான் வேலை. எங்கள் பகுதி மெக்கானிக் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதைத்தான் முதலில் செய்தார். சில வாரங்கள் வண்டி நன்றாகவே இழுத்தது. பிறகு மறுபடி அதே கதை. இந்தமுறை நட்டைத் தளர்த்த இடமே இல்லை, மரை முடிந்துவிட்டது.

அப்புறம் இரண்டு சோதனைகள். ஒன்று சாலையில்: காலியான சமதரைச் சாலையில் நான்காவது கியரில் 40, 50 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது. சத்தம் சட்டென்று எகிறி, வேகமானி அதற்குப் பிறகு மெதுவாக எழுந்தால் நழுவல் உறுதி. இன்னொன்று நிறுத்தி வைத்து: முன்னால் ஆள் இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை விடுவது. நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைய வேண்டும். என் வண்டி முனகிக்கொண்டே சில நொடி ஓடி, பிறகு அணைந்தது. இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், மிச்சமிருக்கும் லைனிங்கையும் கருக்கிவிடும்.

சத்தத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி நியூட்ரலில் நிற்கையில் பெடலை அழுத்தும்போது 'கிர்ர்' என்று வந்தால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது வந்து, அழுத்தினால் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் இன்புட் ஷாஃப்ட் பேரிங், வேறு வேலை. கியர் விழாமல் முரண்டு பிடிப்பதும், ரிவர்ஸ் போடும்போது கரகரப்பதும் பிளேட் தேய்ந்ததற்கான அடையாளம் அல்ல, கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்பதன் அடையாளம். என் மைத்துனரின் ஆல்ட்டோவுக்கு இந்தக் குறைக்காகவே ஒரு பட்டறையில் முழு கிளட்ச் செட் மாற்றச் சொன்னார்கள். வேறு இடத்தில் காட்டினால், கேபிளின் உள்கம்பி இழை இழையாக அறுந்திருந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

என் வண்டிக்கு எல்லாச் சோதனையும் ஒரே பதிலைச் சொன்னதால் விலை விசாரித்தேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் எஸ்டிமேட் கொடுத்தார்கள். அதில் ஃபிளைவீலையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். "இன்னும் பிரிக்கவே இல்லையே, ஃபிளைவீல் கெட்டது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பழைய வண்டி சார், சேர்த்து மாத்திடறது நல்லது" என்றார்கள். இந்த மாதிரிக் காரில் ஃபிளைவீல் ஒரே வார்ப்பு. கீறல் விழுந்திருந்தாலும் பெரும்பாலும் லேத்தில் முகம் சீவிச் சரி செய்துவிடலாம். சில ஐரோப்பிய டீசல் கார்களில் வரும், இரண்டு பாகங்களை நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த டூயல் மாஸ் ஃபிளைவீல் அப்படி அல்ல, அதன் செலவு வேறு கணக்கு. பெட்ரோல் சிறிய கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

கடைசியில் எங்கள் பகுதி மெக்கானிக்கிடமே கொடுத்தேன். உதிரி நான் வாங்கித் தருவது, கூலி மட்டும் அவருக்கு என்று பேச்சு. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் கம்பெனிப் பெட்டியில் நாலாயிரம் ரூபாய் அளவில் வந்தது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் லூக், அப்புறம் வேலியோ, எக்ஸெடி என்று நல்ல தயாரிப்புகள் இன்னும் உண்டு. எதை வாங்கினாலும் பில் போடும் கடையில் வாங்குங்கள், போலிப் பெட்டிகள் நிறைய உலவுகின்றன. கேபிள் 450, கியர் ஆயில் 900, எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் 300, ஃபிளைவீல் லேத் வேலை 500, கூலி 2,500. மொத்தம் 8,700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அப்போது கிளட்ச் உதிரிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் ஆகிவிட்டதால், இப்போது வாங்குபவர்கள் பெட்டியில் இருக்கும் விலை புதியதா பழையதா என்று பார்த்து வாங்க வேண்டும். தேய்மானம் என்பதால் காப்பீட்டில் ஒரு பைசா கேட்க முடியாது.

பிளேட் மட்டும் மாற்றினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். முன்சக்கர இழுவைக் காரில் ஆக்சில்களை உருவி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால்தான் கிளட்ச் கண்ணுக்கே தெரியும். அந்த ஒரு நாள் கூலி, பிளேட் மட்டும் மாற்றினாலும் அதேதான். ஐந்நூறு, அறுநூறு ரூபாய் பேரிங்கை மிச்சம் பிடித்து, அது ஆறு மாதத்தில் கத்தினால் கூலி முழுவதும் மறுபடி தண்டம். கண்டுபிடிக்கும் கட்டத்தில் கஞ்சத்தனமாக இருங்கள், பிரித்த பிறகு தாராளமாக இருங்கள்.

பிரிக்கும்போது பக்கத்திலேயே இருந்தேன். பிளேட்டில் ரிவெட் தலைக்கும் லைனிங் பரப்புக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பிரஷர் பிளேட்டில் சூடேறிய நீலத் திட்டுகள், ஸ்பிரிங் விரல் நுனிகளில் பேரிங் உரசிய பள்ளம். ஃபிளைவீலில் மெல்லிய வளையக் கீறல் மட்டும்தான். எனக்கு மிகவும் நிம்மதி தந்தது, பிளேட்டில் ஆயில் படிந்திருக்கவில்லை என்பது. ஆயில் பட்டிருந்தால் கசிவை நிறுத்தாமல் புதுப் பிளேட் போட்டும் பயன் இல்லை. பழைய உதிரிகளைக் கேட்டு வாங்கி வந்தேன், நீங்களும் கேளுங்கள்.

ஓட்டத் தொடங்கியதும் பெடல் இவ்வளவு இலகுவாக இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. பழைய கேபிளும் பள்ளம் விழுந்த ஸ்பிரிங்கும் காலை எவ்வளவு வருத்தியிருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மனைவிக்கு முட்டி வலி உண்டு. சேலம் ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலில் ஓட்டத் தயங்கியவர் மறுபடி ஓட்டத் தொடங்கினார். இந்தச் செலவில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான் என்பேன். முதல் சில நூறு கிலோமீட்டர் பிளேட் படியும்வரை மிதமாக ஓட்டினோம். ஏற்காட்டில் மூன்றாவது கியர் மறுபடி இழுக்கிறது. மைலேஜ் கூடும் என்று சிலர் சொன்னார்கள், ஊருக்குள் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குறையும் வந்தது. சில வாரத்தில் வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டு. ஆக்சிலை உருவி மாட்டும்போது அதன் சீல் அடிபட்டிருக்கிறது. மெக்கானிக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், சீலுக்கும் கொஞ்சம் ஆயிலுக்கும் மட்டும் நான் கொடுத்தேன். கியர்பாக்ஸ் இறக்கிய எந்த வண்டிக்கும் முதல் மாதம் அடியில் ஒரு அட்டை விரித்து வையுங்கள். மழைக்காலக் காலையில் முதல் கியரில் எடுக்கும்போது லேசான நடுக்கம் உண்டு, ஈரத்தால் வருவது. இரண்டு மூன்று முறை எடுத்ததும் போய்விடும்.

இவ்வளவு பழைய காருக்கு இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. 2025-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்தோம். கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி, அடுத்த ஐந்து வருடத்துக்குச் செல்லும். எஞ்சினும் பாடியும் நன்றாக இருக்கும் வண்டிக்கு, புதுக்காரின் ஒரு மாதத் தவணை அளவுக்குக் கிளட்ச் செலவு செய்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாடி துருப்பிடித்து, எஞ்சின் ஆயில் குடிக்கும் வண்டி என்றால் நான் செய்திருக்க மாட்டேன்.

இப்போது ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஸ்கேல் வைத்து ஃப்ரீ ப்ளே அளக்கிறேன், இதுவரை ஒரே ஒருமுறைதான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டி வந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் அந்த நான்காவது கியர் சோதனையைச் செய்து பாருங்கள். நழுவினால், கிளட்ச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.