மகனை வெளியே உட்கார வைத்த 131 450

ஆஸ்திரேலியாவுக்கு அம்மா அப்பாவை, மாமியார் மாமனாரை நிரந்தர விசாவில் அழைத்து வந்திருப்பவர்கள் போனில் சேமித்து வைக்க வேண்டிய எண் 131 450. டிஸ் நேஷனல் என்று சொல்வார்கள். பேசுவதைப் போனிலேயே மொழிபெயர்த்துச் சொல்லும் அரசாங்கச் சேவை, 24 மணி நேரமும் உண்டு. 1973-இல் அவசரத் தொலைபேசி உதவியாக ஆரம்பித்தது, இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நடக்கிறது. தமிழும் உண்டு. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் அட்டை இருப்பவர் மெடிகேர் பணம் தரும் சிகிச்சைக்காகத் தனியார் டாக்டரிடம் போனால், மொழிபெயர்ப்பாளருக்கு டாக்டரும் காசு கொடுக்க வேண்டாம், நாமும் கொடுக்க வேண்டாம். ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் இதே கதைதான்.

மேற்கு சிட்னியில் தமிழ் டாக்டருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் தேடினால் கிடைப்பார்கள்தான். ஆனால் என் மாமியார் ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார். "வெள்ளிக்கிழமை முருகன் கோயில்ல பார்க்கிற மனுஷன்கிட்ட போய் நான் இதையெல்லாம் சொல்லவா?" அம்பாசமுத்திரத்துக்காரர், எழுபத்தைந்து தாண்டியவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்புறம், இதய டாக்டர், கண் டாக்டர் என்று போகும்போது அங்கெல்லாம் தமிழுக்கு எங்கே போவது?

அதுவரை என் கணவர்தான் மொழிபெயர்ப்பு. அவர் செய்தது மொழிபெயர்ப்பே இல்லை, செய்திச் சுருக்கம். அத்தை ஐந்து நிமிடம் பேசுவார், இவர் டாக்டரிடம் "கொஞ்சம் களைப்பாம்" என்பார். டாக்டர் நீளமாக ஏதோ கேட்பார், இவர் அம்மாவிடம் "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களான்னு கேக்கறாரு" என்பார். அத்தை தலையாட்டுவார். சிறுநீர் சம்பந்தமாக டாக்டர் கேட்டால் அம்மாவிடம் கேட்காமலே இவரே "நோ ப்ராப்ளம்" சொல்லிவிடுவார். எந்த மகன்தான் அதைக் கேட்பான், எந்த அம்மாதான் பதில் சொல்வாள்?

எழுபத்தைந்து வயதுக்கு மேல் வருடா வருடம் செய்யும் முழு உடல்நல மதிப்பீட்டுக்குத்தான் முதலில் இந்தச் சேவையைக் கேட்டோம். எங்கள் டாக்டரின் கிளினிக் வரவேற்பில் இருந்த பெண், "மகன் வருவார் இல்லையா, அது போதுமே" என்றார். அதற்கெல்லாம் தனியாகப் பணம் ஆகும் என்றும் சொன்னார். நான் விடவில்லை. டாக்டர்களுக்கென்றே தனி முன்னுரிமை எண் இருக்கிறது, 1300 131 450. கிளினிக் ஒருமுறை பதிவு செய்து கொண்டால் போதும் என்று சொல்லி, இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்படிக் கேட்க நமக்கு வழி இருக்கிறது.

அன்றைக்கு டாக்டர் மேசையில் பிரஷர் கருவிக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தார். எதிர்முனையில் ஈழத் தமிழ். "வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே டாக்டருக்குச் சொல்லுவன், டாக்டர் சொல்லுறதை உங்களுக்குச் சொல்லுவன். இங்க கதைக்கிற ஒண்டும் வெளியில போகாது." பெயர் சொல்லவில்லை, தன்னுடைய எண்ணை மட்டும் சொன்னார். அத்தை ட்ரங்க் கால் பேசுவது போல மேசை மேல் குனிந்து சத்தமாக, "நீ எந்த ஊரும்மா, யாழ்ப்பாணமா?" என்றார். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல் அதையும் ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொன்னார்! டாக்டர் சிரித்துவிட்டு, தான் ஹனோயில் பிறந்ததாகச் சொல்ல, அது தமிழில் திரும்பி வந்தது. அந்த இடத்தில்தான் அத்தைக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். சொல்வது எதுவும் பாதியில் காணாமல் போகாது என்று பிடிபட்டுவிட்டது.

பிறகு அத்தை என்னை வெளியே போகச் சொன்னார். மகனை ஏற்கெனவே அனுப்பியாயிற்று.

உள்ளே பேசியதில் எங்களிடம் சொல்லலாம் என்று அவரே முடிவு செய்ததை மட்டும் சொன்னார். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இத்தனை நாளும் இரவில்தான் போட்டிருக்கிறார். ராத்திரி எழுந்து எழுந்து போகவேண்டி இருக்கிறதே என்று, பிறகு அதைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். பிரஷர் மாத்திரை தலை வலிக்கும் நாளில் மட்டும். "ஒழுங்காப் போடறாங்க" என்று நாங்கள் சொன்ன ஒழுங்கு இதுதான். டாக்டர் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். எதை எப்போது போடுவீர்கள் என்று அத்தையையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் அனுப்பினார்.

சிக்கலும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை பேசப்படுவதால் நேரம் இரட்டிப்பாகும். சாதாரண அப்பாயின்ட்மென்ட் பத்தாது, 20 நிமிடத்துக்கு மேற்பட்ட நீண்ட அப்பாயின்ட்மென்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். போனில் இருப்பவருக்குக் கண் கிடையாது. "இங்கதான் பிடிக்குது" என்று முட்டியைத் தொட்டுக் காட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? இடத்தின் பெயரைச் சொல்லிப் பழக வேண்டும். ஈழத் தமிழ் எங்கள் திருநெல்வேலிக் காதுக்குப் பிடிபட இரண்டு நிமிடம் ஆனது, அப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. கேட்ட நிமிடத்தில் எல்லா மொழிக்கும் ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்வது நல்லது. முக்கியமான ஆலோசனை என்றால் நேரிலேயே வரச் சொல்லியும் கேட்கலாம்.

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இந்த இலவசம் பொருந்தாது. மெடிகேரில் பரஸ்பர ஒப்பந்தம் உள்ள நாடுகளில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. அவர்களுக்கு அந்தக் கிளினிக் பணம் கட்டினால்தான் உண்டு. இங்கே நியூ சவுத் வேல்ஸில் அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தனியாக மொழிபெயர்ப்பாளர் பிரிவு இருக்கிறது. அங்கே 131 450 தேவையில்லை, வார்டில் நர்ஸிடம் சொன்னாலே ஏற்பாடு செய்வார்கள். அவசரத்துக்கு 000 அழைத்தால், "ஆம்புலன்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்து "தமிழ்" என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அத்தைக்கு இந்த இரண்டு சொல்லையும் பழக்கி வைத்திருக்கிறேன்.

போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கணவர் இன்னும் கேட்கிறார். கடையில் வெங்காயம் வாங்க ஆப் போதும். தலை சுற்றலை விவரிக்கும்போது, உட்கார்ந்து எழுந்தால் சுற்றுகிறதா, படுத்துத் திரும்பினால் சுற்றுகிறதா என்று டாக்டர் கிளறிக் கிளறிக் கேட்பார். அதற்கு ஆள்தான் வேண்டும்.

மருந்துக் கடையிலும் அரசு மானிய மருந்து வாங்கும்போது இந்தச் சேவை உண்டு. எங்கள் மருந்தாளருக்கே இது தெரிந்திருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. அடுத்து கண்புரைக்காக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகிறோம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ், பெண் என்று சொல்லியாயிற்று. மகனுக்கு பார்க்கிங் தேடும் வேலை.