காப்பர் ஒயர் என்று சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டினார்கள்

புது வீட்டுக்கு ஒயரிங் வேலை கொடுத்திருப்பவர்கள், பைப்புக்குள் ஒயர் இழுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மெட்டீரியலோடு சேர்த்துத்தான் கான்ட்ராக்ட். பாத்ரூம் ஹீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் என்று பேச்சு, பில்லிலும் அப்படியே இருக்கிறது. குடிவந்த பிறகு, ஹீட்டர் போட்டால் கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் பாக்ஸ் சூடாகி, பிளாஸ்டிக் கருகும் வாடை. கான்ட்ராக்டருக்கு போன் போட்டால், "உங்க ஏரியாவுல லோ வோல்டேஜ் சார், ஸ்டெபிலைசர் வைங்க. எம்சிபி விழலையே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார். எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்; எத்தனை ஆம்பியர் போகிறது என்று மட்டும்தான் அது பார்க்கும். ஒயர் நல்லதா மட்டமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். முதலில் ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கிவிட்டு, ஹீட்டரை ஓடவிட்டு அளந்தார். டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) 226 வோல்ட், ஹீட்டர் சாக்கெட்டில் 219, ஒயரைக் கவ்விப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 8.3 ஆம்பியர்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். 219-ஐ 8.3-ஆல் வகுத்தால் சுமார் 26.4 ஓம். 2000 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் இருக்க வேண்டியதும் ஏறக்குறைய அதுதான் (230 × 230 ÷ 2000 = 26.45). ஆக ஹீட்டரில் பழுதில்லை. வழியில் தொலைந்த 7 வோல்ட்டை 8.3-ஆல் வகுத்தால் 0.84 ஓம். இது ஒயரின் கணக்கு. 7 × 8.3, அதாவது 58 வாட், தண்ணீருக்குப் போகாமல் சுவருக்குள்ளேயே சூடாகிறது.

டிபியிலிருந்து பாத்ரூமுக்கு 18 மீட்டர். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்த்து 36. ஒழுங்கான 2.5 காப்பர் ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 8 ஓம் அளவுதான் தடை. எங்கள் நீளத்துக்கு 0.29 ஓம் வர வேண்டும், இருப்பதோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதற்கு ஸ்டெபிலைசர் வைத்து வோல்டேஜை ஏற்றினால் ஒயரில் ஆம்பியர் இன்னும் கூடும், அவ்வளவுதான்.

ஒரு துண்டை வெட்டி, ஓர் இழையை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! போதாததற்கு இழைகளும் மெலிசு. அலுமினியம் ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி நாளடைவில் லூஸாகும், பாக்ஸ் கருகுவது அதனால்தான் என்றார்.

கான்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. கடைக்காரர் பிரிக்காத காயிலை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஹீட்டர் லைன் முழுவதையும் உருவிவிட்டு வேறு ஒயர் இழுத்தாயிற்று, செலவு எங்கள் தலையில்.

கரண்ட் ஓடும் லைனில் நீங்களாக மீட்டர் வைக்க வேண்டாம், அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் கடையிலேயே 90 மீட்டர் காயிலின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கலாம். 2.5 காப்பருக்கு 0.7 அளவு வரும், 1.5-க்கு 1.2. மீட்டர் ஒயர்களின் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவை முதலில் கழித்துவிடுங்கள். 2.5 காயில் ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் வாங்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை (உரிம எண்), ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், அது யாருடைய உரிமம் என்பதும் தெரிந்துவிடும்.